பரண்ல கெடக்குற பழைய லேப்டாப்ப எழுப்புறது எப்படி

வீட்டுக்கு ஒருத்தன் இருப்பான், வைஃபை பாஸ்வேர்டு மாத்தத் தெரிஞ்சவன், டிவிய போனோட கனெக்ட் பண்ணத் தெரிஞ்சவன், அவ்ளோதான், சொந்தக்காரங்க வீட்டுல ஓடாத எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் அவன் தலையில தான் வந்து விடியும். எங்க வீட்டுல அது நான். போன போகிக்கு பரண் ஒழிக்கும்போது அக்காவோட பழைய லேப்டாப் வெளிய வந்துச்சு, மூடியில தமிழ்நாடு அரசு முத்திரை போட்டது, 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்கூல்ல குடுத்தது. "இத எடைக்குப் போட்டுரலாமாடா"ன்னு அக்கா கேட்டா. எடைக்குப் போட்டா ஒரு கிலோ வெங்காயம் கூட வருமான்னு தெரியல, அதனால "குடு பாத்துட்டு சொல்றேன்"னு தூக்கிட்டு வந்துட்டேன். இப்போ அதுல தான் அக்கா பையன் டைப்பிங் பழகுறான், படம் வரையறான், யூட்யூப் பாக்குறான். எப்படிப் பண்ணேன்னு நிறைய பேர் கேட்டதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், எல்லாரும் தப்பு பண்றது இங்க தான். லேப்டாப் ஸ்லோவா இருக்குன்ன உடனே நேரா கடைக்குப் போய் எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா மாட்டுற வேகமான டிஸ்க்), ரேம், பேட்டரி எல்லாம் வாங்கிட்டு வந்துருவாங்க, மாட்டுனப்புறம் தான் கீபோர்டு வேலை செய்யல, மதர்போர்டுல ப்ராப்ளம்னு தெரியும். காசு போச்சு. அதனால ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ் மட்டும் வச்சு மொத்த மெஷினையும் டெஸ்ட் பண்ணிடுங்க.

முதல்ல கண்ணால பாருங்க

ஆன் பண்றதுக்கு முன்னாடி தட்டையான மேசையில வைங்க. ஆடுதா? டச்பேட் மேல தூக்கிட்டு நிக்குதா? அப்படின்னா பேட்டரி உப்பிருக்கு, அத சார்ஜ் போடவே கூடாது. கழட்டுற மாதிரி பேட்டரின்னா கழட்டி தனியா வைங்க, உள்ள இருக்குற பேட்டரின்னா தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட குடுத்து எடுத்துருங்க. குத்துறது, அமுக்கி உள்ள தள்ளுறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா அணைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க, மின்கழிவு வாங்குற இடத்துல தான் குடுக்கணும். அந்தக் காலத்து லேப்டாப்ல ஒரு வசதி, பேட்டரி இல்லாமயே அடாப்டர்ல ஓடும், எங்க அக்காது இப்பவும் அப்படித்தான் ஓடுது. கரண்ட் போனா அணைஞ்சிரும், அவ்ளோதான்.

அடுத்து கீல். மூடிய மெதுவா திறந்து பாருங்க, கடக்கு கடக்குனு சத்தம் வந்து ஓரத்துல பிளாஸ்டிக் வாய் பிளந்தா கீல் புடிச்சிருக்குற ஸ்க்ரூ பேந்து வந்திருக்குனு அர்த்தம். அத சரி பண்ணலாம், ஆனா ஸ்க்ரீனும் உடைஞ்சு கீலும் உடைஞ்சிருந்தா மனச கல்லாக்கிட்டு விட்டுருங்க, ரேம், வைஃபை கார்டு, ஹார்ட் டிஸ்க் மட்டும் உருவி வச்சுக்கலாம். இன்னொரு வகை இருக்கு, சின்ன சைஸ்ல மலிவா வந்த லேப்டாப், 32 ஜிபி ஸ்டோரேஜ போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டிருப்பான், ரேமையும் அப்படியே ஒட்டிருப்பான். அதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்குற இலவச ஓஎஸ் போட்டு பாக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

ஆன் பண்ணா தேதி, நேரம் தப்பா காட்டுதா? அது பெரிய நோய் இல்ல, உள்ள ஒரு பட்டன் செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, கொஞ்சம் தடிமனான நாணயம் மாதிரி இருக்கும், அது தீந்து போயிருக்கும். சில லேப்டாப்ல அதோட ரெண்டு ஒயர் வச்சு ஒட்டி வரும், அத அப்படியே தான் வாங்கணும். தேதி தப்பா இருந்தா பிரௌசர்ல ஒரு சைட்டும் திறக்காது, செக்யூரிட்டி எரர் காட்டும், நெட்டு போச்சுனு நெனச்சு ரவுட்டர போட்டு ஆட்டிட்டு இருப்போம்.

பென்டிரைவ் ரெடி பண்றது

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நிறுத்திட்டான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்குற செக்யூரிட்டி சிப் வேணும், ப்ராசஸரும் ஓரளவு புதுசா இருக்கணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ. 2012 லேப்டாப்ல அதுக்கு வாய்ப்பே இல்ல. குறுக்கு வழியில போடலாம், யூட்யூப்ல ஆயிரம் பேர் சொல்லித் தருவாங்க, ஆனா 4 ஜிபி ரேம்ல அத ஓட்டுறது மாட்டு வண்டியில லாரி இன்ஜின் வைக்கிற கதை. அதனால லினக்ஸ். நான் போடுறது லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்குற லேசான எடிஷன். உபுன்டுங்குற இன்னொரு லினக்ஸ அடிப்படையா வச்சு பண்ணது, ஸ்டார்ட் மெனு கீழ இடது பக்கம் இருக்கும், விண்டோஸ் பழகுன அக்கா கை தானா அங்க போகும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். 2 ஜிபி ரேம்ல கூட பூட் ஆகும், ஆனா நிம்மதியா இருக்கணும்னா 4 ஜிபி வேணும்.

வேடிக்கை என்னன்னா அந்த அரசு லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒண்ணும் புதுசில்ல. விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டுத் தான் குடுத்தாங்க, மத்திய அரசு நிறுவனம் சி-டாக் பண்ணது, ஆன் பண்ணா எது வேணும்னு கேக்கும். எங்க தெருவுல லேப்டாப் வாங்குன ஒருத்தர் கூட ரெண்டாவது லைன தொட்டதில்ல. அக்கா கிட்ட கேட்டா "அது ஏதோ கவர்மென்ட் சாஃப்ட்வேர்னு நெனச்சோம்டா"ங்குறா.

சரி, வேற ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்து மின்டோட ஐஎஸ்ஓ ஃபைல (மொத்த ஓஎஸ்ஸும் ஒரே ஃபைலா இருக்கும்) அவங்க சைட்லயே டவுன்லோடு பண்ணுங்க, மூணு ஜிபி கிட்ட வரும். பாதியில கட்டாயி வந்த ஃபைலா இல்லையான்னு பாக்க செக்சம் பாக்கணும், அதாவது சைட்ல போட்டிருக்குற கோடும் நம்ம ஃபைலோட கோடும் ஒண்ணா இருக்கான்னு பாக்குறது, எல்லாரும் தாண்டிப் போயிடுற ஸ்டெப் இது, நானும் தாண்டிப் போனவன் தான், ஒரு ராத்திரி முழுக்க இன்ஸ்டால் 80 பர்சென்ட்ல நின்னு நின்னு போச்சு, காலையில தான் ஃபைலே கரப்ட்னு தெரிஞ்சுது. அப்புறம் 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, அதுல இருக்குறது எல்லாம் அழிஞ்சிரும், கல்யாண போட்டோ இருந்தா முன்னாடியே எடுத்துருங்க. பென்டிரைவ பூட் ஆகுற மாதிரி எழுதித் தர்ற சாஃப்ட்வேர் வேணும், ரூஃபஸோ எட்சரோ எது வேணா யூஸ் பண்ணுங்க, ஃபைல செலக்ட் பண்ணி, பென்டிரைவ செலக்ட் பண்ணி, ஸ்டார்ட். சும்மா ஃபைல காப்பி பேஸ்ட் பண்ணா பூட் ஆகாது, இத எத்தனை தடவ சொன்னாலும் ஒருத்தராவது அப்படிப் பண்ணிட்டு வந்து "ஒர்க் ஆகல ப்ரோ"ம்பாங்க.

பென்டிரைவ சொருகிட்டு லேப்டாப்ப ஆன் பண்ண உடனே எஃப்12 இல்லன்னா எஃப்9 இல்லன்னா எஸ்கேப், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டகடகன்னு தட்டிட்டே இருங்க. பூட் மெனு வரும், அதுல பென்டிரைவ் பேர எடுங்க. வரலன்னா பயாஸ் (ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) உள்ள போய் பூட் ஆர்டர்ல யுஎஸ்பிய மேல கொண்டு வாங்க. அப்படியே சாட்டா மோடு (டிஸ்க்கோட போர்டு பேசுற முறை) ஏஹெச்சிஐ-ல இருக்கான்னும் ஒரு கண்ணு வைங்க, ஐடிஇ-ல இருந்தா அப்புறமா புது டிஸ்க் போட்டதும் மாத்திக்கலாம், இப்ப கை வைக்காதீங்க, பழைய விண்டோஸ் பூட் ஆகாம போயிரும்.

இன்ஸ்டால் பண்ணாமயே மின்ட் டெஸ்க்டாப் வந்து நிக்கும். பென்டிரைவ்ல இருந்து ஓடுறதால மெதுவா தான் இருக்கும், திட்டாதீங்க. இப்ப தான் செக்கப். டெக்ஸ்ட் எடிட்டர் திறந்து கீபோர்டுல ஒவ்வொரு கீயா அமுக்குங்க, அக்காதுல 'இ'யும் என்டரும் செத்திருந்துச்சு. பாட்டு போட்டு ரெண்டு ஸ்பீக்கரும் வருதான்னு கேளுங்க. வைஃபை லிஸ்ட் காட்டுதா, கேமரா வருதா, மூடி திறந்தா முழிக்குதா, யுஎஸ்பி போர்ட் எல்லாம் புடிக்குதா. அப்புறம் மெனுவுல டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஹார்ட் டிஸ்க்க செலக்ட் பண்ணி ஸ்மார்ட் டேட்டா பாருங்க, டிஸ்க் தன் உடம்பு எப்படி இருக்குன்னு தானே எழுதி வைக்கிற ரிப்போர்ட் அது. ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப் போய் மாத்துன எடம்), பென்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்குற எடம்) ரெண்டும் சைபர்ல இருந்தா டிஸ்க் நல்லா இருக்கு. பென்டிங் ஏறிட்டே போனா டிஸ்க் சாகப் போகுது, முதல் வேலையா போட்டோவ எடுங்க. டிக் டிக்னு சத்தம் வந்தா அதுக்கப்புறம் ஆன் பண்ணவே பண்ணாதீங்க, உள்ள இருக்குறது முக்கியம்னா டேட்டா ரெகவரி பண்றவங்க கிட்ட போறது தான் வழி, ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா ஓடும்னு யாராவது சொன்னா அவங்க வீட்டு டிஸ்க்க வைக்கச் சொல்லுங்க.

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்க சொருகி, அக்காவோட ஃபோல்டர் எல்லாத்தையும் இங்கயே காப்பி பண்ணிட்டேன். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்து போயிருந்தாலும் பரவால்ல, டிஸ்க் லாக் பண்ணி வைக்கலன்னா இங்கருந்து எல்லாம் தெரியும். காலேஜ் டூர் போட்டோ 400க்கு மேல இருந்துச்சு, அத பாத்துட்டு அக்கா ஒரு மணி நேரம் என்ன வேலை செய்ய விடல.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

ஏன் ஸ்லோவா இருக்குன்னு தெரிஞ்சா எது வாங்கணும்னு தானா தெரியும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தும், ஒரு முள்ளு அது மேல அங்கயும் இங்கயும் நகந்து படிக்கும். ஒவ்வொரு துண்டு ஃபைலையும் தேடிப் போக பத்து பதினஞ்சு மில்லிசெகண்ட் ஆகும். கேக்க கம்மியா தான் இருக்கு, ஆனா ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் படிக்கணும், மளிகைக் கடையில லிஸ்ட்ட மொத்தமா வாங்கிக்காம ஒவ்வொரு சாமானுக்கும் குடோனுக்கு ஓடிட்டு வர்ற பையன் மாதிரி. எஸ்எஸ்டியில முள்ளும் இல்ல, தட்டும் இல்ல, தேடுற நேரம் கிட்டத்தட்ட இல்ல. அதனால தான் ப்ராசஸர் அதே பழசா இருந்தாலும் புது மெஷின் மாதிரி ஆயிடுது. பழைய போர்டுல சாட்டா ஸ்பீடு பாதி தான் வருதுன்னு சிலர் கவலப்படுவாங்க, தேவையில்ல, உங்க லேப்டாப்ப கொன்னது ஸ்பீடு இல்ல, அந்த ஓட்டம்.

வாங்க வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 இல்ல 256 ஜிபி போதும். கடையில எம்.2னு சூயிங்கம் பட்டை மாதிரி ஒண்ணு காட்டுவாங்க, அது உங்க லேப்டாப்ல போகாது. தடிமன் 7 மில்லிமீட்டர் வரும், பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டரா இருந்தா கொஞ்சம் லூசா ஆடும், பாக்ஸ்ல ஒரு பிளாஸ்டிக் ஃப்ரேம் குடுத்திருந்தா அத ஒட்டிக்கோங்க, இல்லன்னா மடிச்ச அட்டை போதும்.

ரேம்ல தான் ஏமாறுவாங்க. பழைய ரேம கழட்டி ஸ்டிக்கர பாருங்க, பிசி3னு இருந்தா டிடிஆர்3, 1.5 வோல்ட். பிசி3எல்னு இருந்தா டிடிஆர்3எல், 1.35 வோல்ட். எல் போட்ட ரேம் பொதுவா பழைய 1.5 வோல்ட் போர்டுலயும் ஓடும், ஆனா எல் மட்டும் கேக்குற போர்டுல சாதா டிடிஆர்3 போட்டா ஸ்க்ரீன் வராது. அதனால சந்தேகமா இருந்தா எல் வாங்குங்க. டிடிஆர்4 வேற சாதி, நடுவுல இருக்குற வெட்டு எடம் மாறி இருக்கும், சொருகவே சொருகாது. ஏற்கனவே 2 ஜிபி இருக்கு, இன்னொரு ஸ்லாட் காலியா இருக்குன்னா ஒரு 4 ஜிபி வாங்கி போட்டா மொத்தம் 6, ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதிகபட்சம் எவ்ளோ தாங்கும்னு அந்த மாடல் மேனுவல்ல போட்டிருக்கும், பாத்துக்கோங்க.

நான் எக்மோர்ல எறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போயிடுவேன். அண்ணா சாலைக்குப் பின்னாடி ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருனு அந்த ஏரியாவே ஒரு பெரிய மதர்போர்டு மாதிரி தான் இருக்கும். டிடிஆர்3 ரேம் புதுசா கெடைக்கிறது கம்மியாயிட்டே வருது, பெரும்பாலும் கழட்டுன ரேம் தான் தருவாங்க, பரவால்ல, ரேம் சீக்கிரம் கெடாது. எஸ்எஸ்டி மட்டும் பழசு வாங்காதீங்க, எவ்ளோ தேஞ்சு போயிருக்குன்னு வெளிய தெரியாது. விலை நான் போடல, ரேம் எஸ்எஸ்டி ரெண்டுமே தக்காளி மாதிரி ஏறி எறங்குது, கெளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ரெண்டு எடத்துல பாத்துட்டுப் போங்க, மூணு கடையில கேளுங்க, நாலாவது கடையில வாங்குங்க. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்கணும். ஒரு தடவ ஒரு கடையில பேச்சு சுவாரஸ்யத்துல பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன், வீட்டுல வந்து கவர பிரிச்சா டெஸ்க்டாப் ரேம், நீளமா ஸ்கேல் மாதிரி இருக்கு. பில்லு இருந்ததால மறுநாள் மாத்திக் குடுத்தாங்க, ஆனா திண்டிவனத்துல இருந்து போக வர ஒரு நாள் போச்சு. லேப்டாப்புக்கு குட்டையா இருக்கும், சோடிம்னு கேளுங்க.

இட்லித் தட்டும் ஸ்க்ரூ டிரைவரும்

சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பழைய ஏடிஎம் கார்டு ஒண்ணு, பெயின்ட் பிரஷ் ஒண்ணு, அப்புறம் அம்மா கிட்ட சொல்லிட்டு ஒரு இட்லித் தட்டு. சிரிக்காதீங்க, நான் சொல்றதுலயே உருப்படியான ஐடியா இது தான். லேப்டாப்ல ஸ்க்ரூ எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேற வேற. முதல் லேப்டாப் பிரிச்சப்போ எல்லாத்தையும் ஒரே டம்ளர்ல போட்டேன், திரும்பி மாட்டும்போது நீளமான ஸ்க்ரூவ குட்டையான ஓட்டையில ஏத்திட்டேன், மேல டச்பேட் பக்கத்துல பிளாஸ்டிக்ல கொப்புளம் மாதிரி ஒண்ணு எழும்பி நின்னுச்சு. இன்னிக்கும் அந்த லேப்டாப் ஓடுது, கை வைக்கும்போது எல்லாம் குத்தும். இட்லித் தட்டுல ஒவ்வொரு குழியும் ஒரு எடம், மேல் வரிசை கதவு ஸ்க்ரூ, நடுவுல டிஸ்க்கோடது, ஓரத்துல கீல் பக்கத்தோடது. பிரிக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

அடாப்டர உருவுங்க, பேட்டரிய கழட்டுங்க, பவர் பட்டன ஒரு இருபது செகண்ட் அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சம் மீதி இருக்குற கரண்ட் எறங்கிரும். ஜன்னல் கம்பியையோ பீரோவையோ ஒரு தடவ தொட்டுட்டு உக்காருங்க, கார்ப்பெட் மேல உக்காராதீங்க. பழைய மாடல்ல அடியில ஒரு சின்ன கதவு இருக்கும், ரெண்டு ஸ்க்ரூ கழட்டுனா டிஸ்க்கும் ரேமும் கண்ணு முன்னாடி. கொஞ்சம் புது மாடல்னா அடிப்பக்கம் முழுசா கழட்டணும், ஸ்க்ரூ எல்லாம் எடுத்தப்புறம் ஏடிஎம் கார்ட ஓரத்துல நுழைச்சு மெதுவா நகத்திட்டே போனா கிளிப் டப் டப்னு விடும். ஒரு எடத்துல மட்டும் வரலன்னா இழுக்காதீங்க, கண்டிப்பா எங்கயோ ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கு, ரப்பர் புஷ்ஷுக்கு அடியில, ஸ்டிக்கருக்கு அடியில பாருங்க. சிடி டிரைவ் இருந்தா அத உருவுன எடத்துலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்.

டிஸ்க்க மேல தூக்கக் கூடாது, கனெக்டர் இருக்குற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா தள்ளணும், அப்புறம் தான் தூக்கணும். அதோட தகர ஃப்ரேம்ல நாலு ஸ்க்ரூ இருக்கும், கழட்டி எஸ்எஸ்டிய அதே ஃப்ரேம்ல மாட்டி அதே வழியில உள்ள தள்ளுங்க. ரேமுக்கு ரெண்டு பக்கமும் சின்ன கொக்கி, ரெண்டையும் வெளிய விலக்குனா ரேம் தானா சாஞ்சு எழும்பும். புதுச சாய்ச்சு உள்ள சொருகி, தங்கக் கலர் தெரியாத அளவுக்குப் போனதும் கீழ அமுக்குனா டக்குனு பூட்டிக்கும். பழைய ரேம் காண்டாக்ட் கறுத்துப் போயிருந்தா பென்சில் ரப்பரால லேசா தேச்சு தூசிய ஊதி விடுங்க, ஸ்க்ரீன் வராத எத்தனையோ லேப்டாப் இந்த ரப்பர்லயே எழுந்திருக்கு.

ஃபேன பாத்துட்டு மூடுங்க. அக்காதுல ஃபேனுக்கும் காத்து வெளிய போற தகடுக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி ஒரு பட்டை, பதிமூணு வருஷ தூசி, அப்படியே ஒரே துண்டா வந்துச்சு. பிரஷ்ஷால எடுக்கும்போது ஃபேன் இறக்கைய விரலால புடிச்சுக்கோங்க, ப்ளோயர் வச்சு ஊதுனா அது தாறுமாறா சுத்தி பேரிங் போயிரும். தெர்மல் பேஸ்ட் மாத்துறது உங்க இஷ்டம். ஹீட்சிங்க் மேல 1, 2, 3, 4னு நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசையில தான் டைட் பண்ணணும், லூஸ் பண்ணும்போது தலைகீழா. பழைய பேஸ்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால தொடச்சுட்டு புதுச ஒரு பச்சைப்பயறு அளவு வச்சா போதும், தோசைக்கு நெய் தடவுற மாதிரி தாராளமா தடவ வேண்டாம். கை நடுங்குது, பயமா இருக்குன்னா பேஸ்ட் பக்கம் போகாதீங்க, தூசி எடுத்தாலே சூடு நல்லா எறங்கும்.

இன்ஸ்டால்

பழைய டிஸ்க் வெளிய வந்துட்டதால இங்க பயமே இல்ல. பென்டிரைவ்ல பூட் பண்ணி, டெஸ்க்டாப்ல இன்ஸ்டால் ஐகான தட்டி, பாட்டு, வீடியோ ஓட மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் பண்ணி, "டிஸ்க்க அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணு"ங்குறத தைரியமா எடுங்க, அழிக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நேரம் எந்த ஊருன்னு கேக்கும், கொல்கத்தா எடுங்க, நம்ம ஊர் நேரமும் அது தான். பாஸ்வேர்ட எழுதி வைங்க. எனக்கு இருபது நிமிஷத்துல முடிஞ்சுது, டீ போட்டு குடிச்சுட்டு வந்தா ரீஸ்டார்ட் கேட்டுச்சு.

முதல் தடவ ஆன் பண்ணா வைஃபையே காட்டலன்னா பதறாதீங்க, சில பழைய பிராட்காம் வைஃபை சிப்புக்கு டிரைவர் (சிப்ப ஓட்டுற சாஃப்ட்வேர்) தனியா போடணும். டிரைவர் போட நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும், கோழி முட்டை கதை. வழி என்னன்னா ஆண்ட்ராய்டு போன கேபிள்ல சொருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லேப்டாப் அத ஒயர் நெட்டுனு நெனச்சு உடனே எடுத்துக்கும். அப்புறம் டிரைவர் மேனேஜர் திறந்தா எது வேணும்னு அதுவே சொல்லும்.

அப்டேட் எல்லாம் போட்டு முடிச்சதும் டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருங்க. நாளைக்கு பையன் எதையாவது தட்டி சொதப்பிட்டா ரெண்டு கிளிக்ல இன்னிக்கு இருந்த நிலைமைக்கு கொண்டு வந்துரலாம், ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு போன் வராது. விண்டோஸ் பழக்கத்துல டீஃப்ராக் பண்ணணுமான்னு கேப்பாங்க, எஸ்எஸ்டிக்கு அது தேவையே இல்ல, அழிச்ச ஃபைலோட எடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற ட்ரிம் வேலைய மின்ட் வாரத்துக்கு ஒரு தடவ தானா பண்ணிக்கும்.

யூட்யூப்ல தான் பழைய மெஷின் மூச்சு வாங்கும். காரணம் என்னன்னா யூட்யூப் இப்ப விபி9, ஏவி1 ஃபார்மட்ல வீடியோ அனுப்பும், 2012 சிப்புக்கு அத பிரிக்கிற ஹார்டுவேர் கெடையாது, ப்ராசஸர் தனியா கஷ்டப்பட்டு பிரிக்கும், ஃபேன் கத்தும். ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர்ல எச்264ஐஃபைனு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அத போட்டா பழைய எச்.264 ஃபார்மட்ல அனுப்புனு கேட்டு வாங்கும், அது அந்தச் சிப்புக்குத் தெரிஞ்ச பாஷை. கூடவே விளம்பரத்த தடுக்க யுபிளாக் ஆரிஜின். 14 இன்ச் ஸ்க்ரீன்ல 720க்கு மேல வச்சு என்ன பண்ணப் போறோம், அதுலயே நிறுத்திக்கோங்க. டேப் பத்து திறந்து வச்சா 6 ஜிபியும் பத்தாது, அத எந்த ஓஎஸ்ஸாலயும் சரி பண்ண முடியாது.

தமிழ் டைப்பிங்குக்கு கீபோர்டு செட்டிங்ல லேஅவுட் சேக்குற எடத்துல இந்தியாவுக்குக் கீழ தமிழ்நெட் 99 இருக்கும், அத சேத்துக்கலாம். ஆனா நான் ஐபஸ்ங்குற டைப்பிங் சாஃப்ட்வேர்ல எம்17என்னு ஒரு பேக்கேஜ் போட்டு அதுல இருக்குற தமிழ்99 தான் யூஸ் பண்றேன், புள்ளி வைக்க வேண்டிய எடத்துல அதுவே வைக்கும், 'அம்மா' அடிக்கும்போது வித்தியாசம் தெரியும். அக்கா பையனுக்கு அதுல தான் பழக்கி விட்டிருக்கேன், ரெண்டு வாரத்துல என்ன விட வேகமா அடிக்கிறான்.

அக்காவோட பழைய ஃபைல்ல ஒரு சிக்கல் வந்துச்சு. காலேஜ் தமிழ் மன்றத்துக்கு எழுதுன கவிதை, அழைப்பிதழ் எல்லாம் திறந்தா ஆங்கில எழுத்தும் புள்ளியும் பிராக்கெட்டுமா ஏதோ மந்திரம் மாதிரி இருக்கு. "போச்சா"ன்னு கேட்டா. போகல, அதெல்லாம் பாமினி ஃபாண்ட்ல அடிச்சது, யூனிகோடு இல்ல, அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அப்படித்தான் தெரியும். பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர் ஆன்லைன்ல நிறைய இருக்கு, டெக்ஸ்ட்ட காப்பி பண்ணி போட்டா தமிழாயி வந்துரும். முதல் கவிதையோட முதல் வரி தமிழ்ல வந்த உடனே அக்கா லேப்டாப்ப மூடிட்டா, யாரும் படிக்கக் கூடாதாம்.

செத்துப் போன ரெண்டு கீக்கு கீபோர்டு மாத்துனேன், மாடல் நம்பர் சொல்லி வாங்கணும், மாட்டும்போது ரிப்பன் கேபிளோட பூட்டு நகத்தால மெதுவா தூக்குற சைஸ்ல தான் இருக்கும், அவசரப்பட்டா உடையும். கழட்டுன 320 ஜிபி டிஸ்க் நல்லா தான் இருந்துச்சு, ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி போட்டு அத பேக்கப்புக்கு அக்கா கிட்டயே குடுத்துட்டேன். கடைசியா லேப்டாப் அடியில ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, எஸ்எஸ்டி வாங்குன தேதி, ரேம் எந்த வகை, பேஸ்ட் மாத்துன மாசம் மூணும் பேனாவால எழுதி வச்சேன், அடுத்த தடவ இது நம்ம கைக்குத் தான் வரும்னு தெரியும்ல. பாஸ்வேர்ட மட்டும் அதுல எழுதாதீங்க, அக்கா பையன் முதல் நாளே திருப்பிப் பாத்துட்டான்.